ஏபிஏவா, எம்எல்ஏவா, துராபியனா? உங்கள் நூற்பட்டியலைக் கேளுங்கள்

பொங்கல் லீவு முடிந்து கல்லூரிகள் திறந்துவிட்டால் மதுரை கோரிப்பாளையத்தில் எங்கள் டிடிபி கடையில் ஆய்வேட்டு சீசன் தொடங்கிவிடும். எம்.ஏ. புராஜெக்ட், எம்.காம். புராஜெக்ட், பிஎச்.டி. சினாப்சிஸ் என்று பென்டிரைவும் கையுமாகப் பிள்ளைகள் வருவார்கள். ஃபான்ட், மார்ஜின், அத்தியாயத் தலைப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு, மேற்கோளையும் நூற்பட்டியலையும் எந்த முறையில் எழுதுவது என்று ஒரு கேள்வி வரும். "அக்கா, ரெஃபரன்ஸை ஏபிஏல போடவா, எம்எல்ஏல போடவா?" வரலாற்றுத் துறைப் பிள்ளையாக இருந்தால், "சிகாகோவும் துராபியனும் ஒண்ணுதானேக்கா?" கைடிடம் (ஆய்வு நெறியாளரிடம்) கேட்டாயா என்றால், "ஏதாவது ஒண்ணு வச்சுக்க, ஆனா முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்லிட்டாரு" என்பார்கள்.

முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 'ஏதாவது ஒண்ணு' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த முறைகள் அண்ணன் தம்பி மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் முகம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு காற்புள்ளி, ஒரு அடைப்புக்குறி, ஆண்டு நிற்கும் இடம், அவ்வளவுதான் வித்தியாசம். விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது என்று கடைசிவரை தெரியாது. அதற்குப் பதிலாக, நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் நூல்கள், கட்டுரைகள், ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் என்ன இருக்கிறதோ அதுதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரே புத்தகத்தை வைத்துப் பார்ப்போம். மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களைப் பற்றி சி. ஜே. ஃபுல்லர் எழுதிய 'சர்வன்ட்ஸ் ஆஃப் தி காடஸ்' என்ற ஆங்கில நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1984இல் வெளியிட்டது. மதுரையைப் பற்றி ஆய்வு செய்பவர்களில் பலர் தொடும் நூல். அதன் 45ஆம் பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏபிஏவில் உங்கள் வாக்கியத்தின் முடிவில் (ஃபுல்லர், 1984, ப. 45) என்று வரும். எம்எல்ஏவில் (ஃபுல்லர் 45) என்பதோடு முடிந்தது, காற்புள்ளிகூடக் கிடையாது. சிகாகோவில் இரண்டு வழி உண்டு. ஆசிரியர்-ஆண்டு வழியில் (ஃபுல்லர் 1984, 45) என்று போட வேண்டும். அடிக்குறிப்பு வழியில் வாக்கியத்தின் முடிவில் மேலே ஒரு சின்ன எண் மட்டும் இருக்கும். பக்கத்தின் அடியில் ஆசிரியர் பெயர் நேராக, நூலின் பெயர், அடைப்புக்குறிக்குள் பதிப்பக விவரமும் ஆண்டும், அப்புறம் பக்க எண்.

நான்கிலும் ஆசிரியர் இருக்கிறார், பக்கம் இருக்கிறது. ஏபிஏ ஆண்டை வாசகரின் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது. எம்எல்ஏ அதை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டுக் கடைசிப் பட்டியலுக்கு அனுப்புகிறது. இதற்குக் காரணம் இருக்கிறது.

ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் கழகத்தின் முறை. 1929இல் உளவியல் ஆய்விதழ் ஒன்றில் 7 பக்கக் கட்டுரையாகத்தான் அது முதலில் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2019 அக்டோபரில் வந்த 7ஆம் பதிப்பு. உளவியல், கல்வியியல், சமூகப்பணி, செவிலியம், வணிகவியல் போன்ற துறைகளில் ஓர் ஆய்வு எப்போது நடந்தது என்பது அந்த ஆய்வின் பாதி உயிர். பள்ளிப் பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தைப் பற்றி எழுதும்போது, மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2004இல் நடந்ததா 2022இல் நடந்ததா என்று வாசகர் உடனே தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் பெயருக்குப் பின்னாலேயே ஆண்டு. எம்எல்ஏ 1883இல் தொடங்கிய நவீன மொழிச் சங்கத்தின் முறை. கையேட்டின் முதல் பதிப்பு 1977, இப்போது இருப்பது 2021இன் 9ஆம் பதிப்பு. இலக்கியம் படிப்பவருக்கு நாவலின் எந்தப் பக்கம், கவிதையின் எத்தனையாவது அடி என்பதுதான் வேண்டும். அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, சொன்னது சரியா என்று பார்க்கப் போகிறார். ஆண்டு அவருக்கு இரண்டாம்பட்சம்.

எனவே ஆங்கிலத் துறையில் நாவல் ஆய்வு செய்பவர் எம்எல்ஏவையும், சமூகப்பணி (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவி ஏபிஏவையும் எடுப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். குழப்பம் வருவது நடுவில் நிற்கும் தலைப்புகளில்தான். 'தமிழ் சினிமாவில் மதுரை' என்று ஒரு பிள்ளை காட்சித் தொடர்பியலில் ஆய்வு செய்கிறார். படக் காட்சிகளை வரிவரியாக அலசுகிறாரா, பார்வையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் புள்ளிவிவரம் எடுக்கிறாரா? முதலாவது என்றால் எம்எல்ஏ நன்றாக உட்காரும். இரண்டாவது என்றால் ஏபிஏ. துறையின் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மாணவர் கட்டுரை என்று வரும்போது முதல் பக்கத்திலேயே இந்த இரண்டும் பிரிந்துவிடும். ஏபிஏ 7ஆம் பதிப்பு மாணவர்களுக்கென்று தனியாக ஒரு தலைப்புப் பக்கம் சொல்கிறது: தலைப்பு, பெயர், துறையும் நிறுவனமும், பாடம், ஆசிரியர், தேதி. முன்பு பக்கத்தின் மேலே ஓட வேண்டியிருந்த சுருக்கத் தலைப்பு இப்போது மாணவர்களுக்குக் கட்டாயமில்லை. எம்எல்ஏவில் பொதுவாகத் தலைப்புப் பக்கமே தேவையில்லை. முதல் பக்கத்தின் இடது மேல்புறம் நான்கு வரி, நடுவில் தலைப்பு, நேராக விஷயம். ஐந்தாறு பக்க அசைன்மென்டுக்கு எம்எல்ஏ போட்டால் ஒரு தாள் மிச்சம். இரண்டிலும் இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல மார்ஜின். ஆனால் இவை அமெரிக்க லெட்டர் தாளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் பிரின்ட் எடுப்பது ஏ4இல். சில லேப்டாப்களில் வேர்ட் திறந்ததும் லெட்டர் அளவில்தான் நிற்கும். அதை மாற்றாமல் அலைன்மென்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைக்கு வந்தால், ஏ4க்கு மாற்றியதும் எல்லாப் பக்கமும் நகர்ந்துவிடும், பொருளடக்கத்தில் ஒரு பக்க எண்ணும் பொருந்தாது. மார்ஜின் விஷயத்தில் நான் எப்போதும் சொல்வது, ஹார்டு பைண்டிங் போடுவதாக இருந்தால் இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விடுங்கள் என்று. கையேடு ஓர் அங்குலம் என்றாலும் தையலுக்குள் எழுத்து போய்விட்டால் படிப்பவருக்கு என்ன பயன்?

இனி சிகாகோ, துராபியன். இந்த இரண்டைப் பற்றிப் பேச எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிகாகோ கையேடு 1906இல் முதன்முதலில் வந்தது. நூல் பதிப்பிப்பவர்களுக்காக எழுதப்பட்ட பெரும் புத்தகம், ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேட் துராபியன் என்ற அம்மையார் 1930 முதல் 1958 வரை ஆய்வேட்டுச் செயலராக இருந்தார். அங்கே சமர்ப்பிக்கப்படும் ஒவ்வோர் ஆய்வேடும் முறைப்படி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தருவதுதான் அவர் வேலை. மாணவர்கள் மறுபடி மறுபடி எங்கே தடுமாறுகிறார்கள் என்று அந்த மேசையில் இருந்தவருக்குத்தானே தெரியும்? 1937இல் அவர்களுக்காகவே ஒரு சிறு கையேட்டைத் தயாரித்தார். அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்று துராபியன் என்று அவர் பெயராலேயே நிற்கிறது. பேராசிரியர் பட்டம் எதுவும் இல்லாமல், ஆய்வேட்டுத் தாள்களைப் பார்த்துப் பார்த்தே உலகத்துக்கு ஒரு முறையைக் கொடுத்த பெண்மணி. ஆய்வேடு தட்டச்சு செய்து பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லும்போதே ஒரு பெருமிதம் வரும்.

அதனால் "சிகாகோவும் துராபியனும் ஒண்ணுதானே" என்ற கேள்விக்கு, அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் எழுதும் விதத்தில் ஏறக்குறைய ஆமாம் என்று சொல்லலாம். சிகாகோவில் பதிப்பகங்களுக்கு வேண்டிய எத்தனையோ விஷயம் உண்டு. அதெல்லாம் மாணவருக்குத் தேவையில்லை, துராபியனில் இருக்காது. தலைப்புப் பக்கம் எப்படி அமைப்பது, முன்பக்கங்களுக்கு எந்த எண், அட்டவணை எங்கே வர வேண்டும் என்று ஆய்வேட்டுக்கென்றே வேண்டியது துராபியனில்தான் விவரமாக இருக்கும். வகுப்புக் கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் துராபியனைப் பிடியுங்கள். அந்த ஆய்வேட்டைப் பின்னால் புத்தகமாக ஒரு பதிப்பகத்துக்குக் கொடுக்கும்போது சிகாகோ பேசும் இடம் வரும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். துராபியனின் 9ஆம் பதிப்பு 2018இல் வந்தது, சிகாகோவின் 17ஆம் பதிப்பை ஒட்டியது. சிகாகோ 2024இல் 18ஆம் பதிப்புக்குப் போய்விட்டது. அதில் நூல்களுக்குப் பதிப்பித்த ஊரின் பெயர் தேவையில்லை என்றாகிவிட்டது. 9ஆம் பதிப்புத் துராபியனைப் பார்த்து எழுதுபவர் 'கேம்பிரிட்ஜ்: கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி பிரஸ், 1984' என்று எழுதுவார். புதிய சிகாகோவைப் பார்த்து எழுதுபவர் ஊரை விட்டுவிட்டுப் பதிப்பகத்திலேயே தொடங்குவார். இரண்டும் சரிதான், ஆனால் ஒரே ஆய்வேட்டுக்குள் இரண்டும் இருக்கக் கூடாது. ஏபிஏவும் 7ஆம் பதிப்பில் ஊரை எடுத்துவிட்டது. நூற்பட்டியலில் பாதிக்கு ஊர் இருந்து பாதிக்கு இல்லாமல் இருந்தால், பழைய ஆய்வேட்டிலிருந்து கொஞ்சமும் இணையத்திலிருந்து கொஞ்சமும் எடுத்து ஒட்டியது என்று வைவா (வாய்மொழித் தேர்வு) எடுக்க வருபவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

மதுரை வரலாற்றை எழுதுபவருக்கு அடிக்குறிப்பு முறையைத் தவிர வேறு எதுவும் ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 1868இல் நெல்சன் எழுதிய மதுரை மாவட்டக் கையேடு, 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர், மாங்குளம் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, அழகர்கோயில் கல்வெட்டுகள், கலெக்டர் அலுவலகப் பழைய கடிதங்கள். ஒரு கடிதத்துக்கு எழுதியவர், பெறுபவர், தேதி, தொகுதி எண், அது இருக்கும் ஆவணக்காப்பகம் எல்லாம் சொல்ல வேண்டும். இவ்வளவையும் வாக்கியத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் திணித்தால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். அடிக்குறிப்பில் விரிவாகச் சொல்லலாம். 'இந்த வாசகத்தை இன்னொருவர் வேறு விதமாகப் படித்திருக்கிறார்' என்று ஒரு வரி சேர்க்கவும் இடம் இருக்கும்.

கீழடி பற்றி எழுதுபவர்களுக்குச் சின்ன சிக்கல் ஒன்று வரும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் கீழடி அறிக்கையை வெளியிட்டது. தனி ஆசிரியர் பெயரை முன்னால் வைக்காமல், எழுதியதும் வெளியிட்டதும் அந்தத் துறையே என்று கொண்டால், ஏபிஏவில் துறையின் பெயர் ஆசிரியர் இடத்தில் வரும், பதிப்பகம் இருக்கும் இடத்தில் அதைத் திரும்பச் சொல்லக் கூடாது. எம்எல்ஏவில் நேர்மாறு. ஆசிரியர் இடத்தை விட்டுவிட்டு நூலின் தலைப்பில் தொடங்கி, துறையைப் பதிப்பகமாகக் காட்ட வேண்டும். ஆக, அகரவரிசையில் ஒன்றில் 'த'வின் கீழும் இன்னொன்றில் 'கீ'யின் கீழும் அதே அறிக்கை உட்காரும். அரசு அறிக்கைகள் நிறைய இருக்கும் பட்டியல் என்றால் இது ஒன்றே ஏபிஏவை எடுக்கப் போதுமான காரணம். துறை வாரியாக எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு. தமிழில் ஆய்வேடு எழுதும்போது கதையே வேறு.

முதலில், ஏபிஏவுக்கும் எம்எல்ஏவுக்கும் ஆங்கிலத்தில் கண்ணில் அடிக்கும் வித்தியாசம் பெரிய எழுத்து. ஏபிஏ பட்டியலில் நூல் தலைப்பின் முதல் சொல்லுக்கும், துணைத்தலைப்பின் முதல் சொல்லுக்கும், ஆள், ஊர்ப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து. எம்எல்ஏவில் முக்கியமான சொற்கள் எல்லாவற்றுக்கும். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, அந்த வேலை மிச்சம். சாய்வெழுத்து இரண்டிலும் உண்டு, ஆனால் தமிழ் எழுத்தைச் சாய்த்தால் பல ஃபான்ட்களில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு படிக்கவே முடியாது. அதனால் தமிழ்த் துறைகளில் நூலின் பெயரைத் தடித்த எழுத்திலோ ஒற்றை மேற்கோள் குறியிலோ போடுகிறார்கள். அது சரிதான் என்றே நினைக்கிறேன். படிக்க முடியாததை விதி என்று கட்டி அழுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் ஆண்டு. புறநானூற்றின் 192ஆம் பாட்டை மேற்கோள் காட்ட வேண்டும். ஏபிஏ போட்டால் ஆசிரியர் யார், கணியன் பூங்குன்றனாரா, உ.வே.சா.வா? ஆண்டு எது? உ.வே.சா. பதிப்பித்த 1894ஆ, நீங்கள் கையில் வைத்திருக்கும் மறுபதிப்பின் ஆண்டா? சங்கப் புலவரின் பெயருக்குப் பக்கத்தில் 1894 என்று நிற்பதைப் பார்த்தாலே மனது ஒப்பாது. இலக்கிய ஆய்வில் தேவை பாட்டின் எண், அடியின் எண், அவ்வளவுதான். புறம். 192: 1 என்று போட்டால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் உடனே எடுத்துவிடுவார். குறளுக்குக் குறள் எண். தொல்காப்பியத்துக்கு அதிகாரமும் நூற்பா எண்ணும். எம்எல்ஏவும் கவிதைக்கு அடி எண்ணைத்தான் கேட்கிறது, சிகாகோவும் பழைய செவ்வியல் நூல்களை அவற்றின் உள் எண்களால் சுட்டச் சொல்கிறது. ஏபிஏவிலும் காண்ட எண், அடி எண் கொடுக்க வழி உண்டு, ஆனால் ஆண்டை விடாது. அதனால் சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் எடுப்பவர்கள் ஏபிஏ பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பேன். ஆனால் உரை வேண்டும் என்றால் கட்டாயம் பதிப்பு விவரம் வேண்டும். பரிமேலழகர் உரையைக் காட்டும்போது எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது.

நம் தமிழ்த் துறைகளில் நீண்ட நாளாக இருக்கும் வழக்கம், அடிக்குறிப்பில் ஆசிரியர், நூல், ப. 45 என்று போட்டு, அடுத்து அதே நூல் வந்தால் மேலது, ப. 47 என்று எழுதுவது. இது சிகாகோ அடிக்குறிப்பு முறைக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் சிகாகோ 17ஆம் பதிப்பிலிருந்து இந்த 'மேலது' வகைக் குறியை விட்டுவிட்டு, ஆசிரியர் பெயரையே சுருக்கிப் போடுவதைத்தான் விரும்புகிறது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, அதற்கு அனுபவக் காரணம் உண்டு. வைவாவுக்கு முந்தின வாரம் கைடு நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்வார். அந்தப் பத்தியில் புதிதாக ஓர் அடிக்குறிப்பு நுழையும். அதற்குக் கீழே இருந்த மேலது எல்லாம் சத்தமில்லாமல் வேறொரு நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். வேர்ட் எண்ணை மட்டும்தான் மாற்றும், பொருளைப் பார்க்காது. மேலது போட்டுத்தான் ஆக வேண்டும் என்று துறை சொன்னால், எழுதும்போது முழுப்பெயரையே போட்டுக்கொண்டு வாருங்கள். பிரின்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே மூச்சில் மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். தெ. பொ. மீனாட்சிசுந்தரன், மு. வரதராசன் இருவருமே மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களாக இருந்தவர்கள். பட்டியலில் மீனாட்சிசுந்தரன், தெ. பொ. என்றும் வரதராசன், மு. என்றும் திருப்பிப் போட்டால் ஏபிஏவுக்கும் சரி, எம்எல்ஏவுக்கும் சரி. ஆசிரியரின் முதல் பெயரை முழுதாகப் போடுவதா, முதலெழுத்தைப் போடுவதா என்று ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இருக்கும் சண்டை இங்கே தானாகத் தீர்ந்துபோகிறது. ஆனால் ஸொட்டேரோ, மென்டலி மாதிரி நூற்பட்டியல் மென்பொருள் பயன்படுத்தினால் கவனமாக இருங்கள். சில நூலகப் பட்டியல்களில் 'வரதராசன் மு.' என்று தலைப்பெழுத்து பின்னால் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் மென்பொருள் 'மு.'வைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, பட்டியலில் மு. என்ற எழுத்தின் கீழ் கொண்டுபோய் வைத்துவிடலாம். டாக்டர், பேராசிரியர், புலவர் எல்லாம் எந்த முறையிலும் பெயருக்கு முன்னால் வராது. மரியாதைக் குறைவாகுமே என்று தயங்குகிறார்கள். முன்னுரையிலும் நன்றியுரையிலும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அகரவரிசை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இன்னும் பல பேர் பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்துக் கொண்டுவருகிறார்கள். பாமினியில் நாம் பார்ப்பது தமிழ், கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அ என்று தெரிவது உள்ளே ஆங்கில எம், க என்று தெரிவது ஆங்கில எஃப், இ என்று தெரிவது வெறும் காற்புள்ளி. நூற்பட்டியலைத் தேர்ந்தெடுத்து வேர்டில் வரிசைப்படுத்தினால், இ முதலிலும், க அடுத்தும், அ அதற்கப்புறமும் வந்து நிற்கும். பட்டியல் நீளமாக இருந்தால் கையால் சரிசெய்ய அரை நாள் போய்விடும். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களும் கலந்திருந்தால் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகப் போடுங்கள், முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம்.

ஹார்வர்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏபிஏ மாதிரியே ஆசிரியர்-ஆண்டு முறை. ஆனால் இதுதான் ஹார்வர்டு என்று சொல்ல ஒரே ஒரு அதிகாரப்பூர்வக் கையேடு கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. ஹார்வர்டு என்று மட்டும் சொன்னால் எதைப் பார்த்துச் சரிபார்ப்பது? மாதிரி ஒன்று கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் ஏபிஏவை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வான்கூவரும் ஐஇஇஇயும் எண் முறைகள், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உரியவை. அங்கே தேர்வு என்ற பேச்சே எழாது, துறையே தீர்மானித்திருக்கும்.

முறையை எப்போது முடிவுசெய்வது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண். ஏபிஏ என்று கைடு சொன்னதை நம்பி எழுதிக்கொண்டு வந்தாள். ஏபிஏவில் ஒருவரின் வரியை அப்படியே எடுத்தால்தான் பக்க எண் கட்டாயம். கருத்தை உங்கள் சொல்லில் சொன்னால் ஆசிரியரும் ஆண்டும் போதும். அதனால் பாதிக் குறிப்புகளில் பக்க எண்ணே எழுதி வைக்கவில்லை, ஏபிஏபடி அது தவறும் இல்லை. சமர்ப்பிக்கும் நேரத்தில் துறையில், இங்கே அடிக்குறிப்புத்தான் வழக்கம், மாற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். அடிக்குறிப்பு முறையில் கருத்துக்கும் பக்க எண் வேண்டும். அந்தப் பெண் நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, படித்து முடித்த புத்தகங்களையே மறுபடி எடுத்துப் பக்கம் தேடினாள். திருப்பிக் கொடுத்த இரவல் புத்தகங்கள் சில கிடைக்கவே இல்லை. அந்த இடங்களை ஆய்வேட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தவை நல்ல இடங்கள். எங்கள் கடையில் உட்கார்ந்து அந்தப் பத்திகளை அவளே நீக்கியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு வரி முதலிலேயே எழுத்தில் கொடுத்திருந்தால் போதுமே.

அதனால் முறை முடிவாகாத நிலையிலும் குறிப்பு எடுக்க ஆரம்பித்தால், எல்லாவற்றிலும் அதிகம் கேட்கும் முறைக்கு வேண்டிய விவரத்தை எடுத்து வையுங்கள். அடிக்குறிப்பு முறைதான் அதிகம் கேட்கும். அதிலிருந்து ஏபிஏவுக்கு மாறுவது ஒரு நாள் வேலை, வேண்டாததை விட்டுவிட்டால் போதும். ஏபிஏவிலிருந்து அடிக்குறிப்புக்கு மாறுவது அந்தப் பெண் பட்ட பாடு. புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ புத்தகத்தை எடுத்தவுடன், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பதிப்பு, ஆண்டு, ஊர், பதிப்பகம், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் எல்லாம் அந்த இரண்டு பக்கத்துக்குள் இருக்கும். கருத்தாக இருந்தாலும் வரியாக இருந்தாலும் பக்க எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கட்டுரை என்றால் இதழின் தொகுதி, இதழ் எண், தொடங்கும் பக்கம், முடியும் பக்கம், டிஓஐ (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) இருந்தால் அதுவும்.

மென்பொருளை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: நம்பலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் இருக்கும் வேர்டின் ரெஃபரன்ஸ் பகுதியில் ஏபிஏ என்று காட்டுவது 6ஆம் பதிப்பு. அது இன்னமும் ஊரின் பெயரைக் கேட்கும். நீங்கள் 7ஆம் பதிப்பு என்று முன்னுரையில் எழுதிவிட்டு உள்ளே 6ஐ வைத்திருப்பீர்கள். பட்டியலின் இரண்டாவது வரி உள்ளே தள்ளி வருவதற்கு ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிக் கொண்டுவருகிறார்கள், அது ஃபான்ட் மாற்றியதும் சிதறிவிடும். பட்டியல் முழுவதையும் செலக்ட் செய்து கன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்தினால் அதுவே தள்ளிக்கொள்ளும்.

கைடிடம் போகும்போது "எந்த முறை சார்?" என்று மட்டும் கேட்காமல், எத்தனையாவது பதிப்பு, நம் துறையில் சமீபத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வேடு ஒன்று பார்க்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். உங்கள் நூற்பட்டியல் தாளையும் கொண்டுபோங்கள். 'என் பட்டியலில் பாதிக்கு மேல் கல்வெட்டு சார், அடிக்குறிப்பு வச்சுக்கட்டுமா?' என்று காரணத்தோடு கேட்கும் மாணவருக்கு வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. அவர் சொன்னதை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, சரி என்று ஒரு வரி பதில் வாங்கி வையுங்கள். நேரில் மாதிரி கிடைக்காவிட்டால் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கின்றன. உங்கள் துறையைத் தேடி எடுத்து, நூற்பட்டியல் பகுதியை மட்டும் இறக்கிப் பாருங்கள். 2019க்கு முந்தின ஏபிஏ ஆய்வேடு என்றால் ஊர் பெயர்கள் இருக்கும், அவற்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.